இழுத்த கை

"கையெழுத்தைப் போடு. புகார் குடுக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

மேனேஜர் மேடம் புகார்த் தாளை நீட்டினார். கொக்கு முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சேறு போகப் போக அடியிலிருந்து ரத்தம் வந்தது.

கொக்கு என்பது அவள் பெயரில்லை. கால்கள் அவ்வளவு நீளம். அணியில் சேர்ந்த முதல் நாளே கேப்டன் அக்கா வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

"என்னடி யோசனை? அவ உன்னை இழுத்தாளா, இல்லையா?"

"இழுத்தா மேடம். பின்னாடியிருந்து சட்டையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. சறுக்கி விழுந்தேன்."

"அப்புறம் என்ன?"

பெண்களுக்கான சர்வதேச கிராஸ் கன்ட்ரி ஓட்டம். மேடு, பள்ளம், சேறு எல்லாம் தாண்டி நான்கு சுற்று. ஒவ்வொரு அணியிலும் முதலில் வரும் நான்கு பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெண்கலம் ஒரே ஒரு புள்ளியில் கைநழுவிப் போயிருந்தது. அதைத் தட்டிக்கொண்டு போனது, சட்டையை இழுத்தவளின் அணி.

"உங்க அக்காவை நெனச்சுப் பாரு. பன்னெண்டு வருஷம் ஓடியிருக்கா. இதுதான் கடைசி ஓட்டம். வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்பப் போறியா?"

கேப்டன் அக்கா மூலையில் உட்கார்ந்து ஷூவிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்து நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர் எடுத்த வீடியோ. பாரு."

படத்தில் மழைதான் அதிகம். ஆனாலும் ஒரு கையும், அந்தக் கையில் கசங்கிய கொக்குவின் சட்டையும் தெளிவாகத் தெரிந்தன.

கொக்குவுக்கு ரத்தம் கொதித்தது. "வாங்க மேடம், போகலாம்."

மூவரும் நடுவரின் அறைக்குள் நுழைந்தபோது, சட்டையை இழுத்தவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஈரம் சொட்டியது. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது.

"இழுத்தேன்னு ஒத்துக்கிட்டாங்க," என்றார் நடுவர். "ஏன்னு மொழிபெயர்ப்பாளரை வெச்சு மூணு தடவை கேட்டாச்சு. வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"கல்லுளிமங்கி! மாட்டிக்கிட்டா என்ன பதில் சொல்லுவா?" என்றார் மேடம்.

"சரி, எழுதிக் குடுங்க. இவங்க பேரை நீக்கிட்டா வெண்கலம் உங்களுக்கு வந்துடும். முதல்ல இந்த வரைபடத்துல, விழுந்த இடத்துல ஒரு பெருக்கல் குறி போடுங்க."

கொக்கு பேனாவை எடுத்தாள். "குளத்துக்குப் பக்கத்துல சார். மூணாவது சுற்று. பாதை ரெண்டாப் பிரியுமே, அங்க."

"பிரியற இடத்துல எந்தப் பக்கம்? இடதுன்னா அடுத்த சுற்று. வலதுன்னா முடிவுக் கோட்டுக்குப் போற பாதை. சரியாச் சொல்லணும்."

"இடதுதான், சந்தேகமே..."

பேனா தாளைத் தொடாமல் நின்றது.

விழுந்து எழுந்தபோது எதிரே என்ன தெரிந்தது? மழையில் மங்கலாக ஒரு நீல வளைவு. அது அங்கே எப்படி வந்தது என்று அந்த அவசரத்தில் யோசிக்கக்கூட இல்லை. அந்தக் கை திருப்பிவிட்ட பக்கமாக ஓடியிருந்தாள், அவ்வளவுதான்.

அது முடிவுக் கோட்டின் வளைவு.

காலைக் கூட்டத்தில் இதே நடுவர்தான் சொன்னார். கடைசிச் சுற்றுக்கு முன்னால் அந்தப் பாதையில் கால் வைத்தால் பேச்சுக்கே இடமில்லை, பெயர் நீக்கம்.

மழை முகத்தில் அறைய, குனிந்த தலை நிமிராமல் ஓடியவளுக்குப் பாதை பிரிந்ததே தெரியவில்லை. வழிகாட்ட நின்றவர்களும் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். பின்னால் வந்தவள் மட்டும் பார்த்திருக்கிறாள். தன் ஓட்டத்தை விட்டுவிட்டு எட்டிப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

ஏன் இழுத்தாள் என்று சொன்னால் இவள் தப்பித்துவிடுவாள். கொக்குவின் பெயர் போய்விடும். கையில் வந்த வெண்கலம் போனாலும் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கொக்கு நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியாமல், வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை அசைத்தாள்.



"என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டே?" கேப்டன் அக்கா அருகில் வந்தாள்.

"மன்னிச்சுடுக்கா."

வலது பக்கப் பாதையில் அழுத்தமாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

கேப்டன் அக்கா அந்தக் குறியையே பார்த்தாள். நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் ஓடியவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் ஜாக்கெட்டைக் கழற்றி, நடுங்கிக்கொண்டிருந்த அந்தத் தோள்களில் போர்த்திவிட்டாள்.

மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தாளை எட்டிப் பார்த்தார். 'யார் மீது புகார்' என்ற கட்டத்தில் கொக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்னடி கிறுக்கறே? அது உன் நம்பர்!"

"என் நம்பர்தான் மேடம். அவங்க நம்பரை எங்கே எழுதறதுன்னுதான் தெரியல. நன்றி சொல்ல இந்தத் தாள்ல ஒரு கட்டம்கூட இல்லையே."