மைக்கு அடியில்

ஞானாபரணம் வீட்டுக் குடும்ப வேதாகமத்தின் முதல் தாளில் நான்கு தலைமுறைப் பெயர்கள் உண்டு. தன் சொல்லை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளின் பெயரை மட்டும் அவரே கறுப்பு மையால் அடித்து மறைத்திருந்தார். காலை ஜெபத்துக்கு முன் நாலு வயதுப் பேத்தி ஜெமிமா அந்தக் கறுப்பின்மேல் விரலை வைத்தாள்.

“இது யாரு தாத்தா?”

“யாருமில்ல. முழங்கால் போடு.”

எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஜெமிமா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “இயேசப்பா, மைக்குள்ள இருக்கிறவங்களையும் ஆசீர்வதியும். அங்க இருட்டா இருக்கும்.”

தாத்தா ஆமென் சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் எழுந்ததில்லை. மனைவியும் மகனும் தலை நிமிராமல் காத்திருந்தார்கள்.

“ஆமென் சொல்லுங்க தாத்தா, முட்டி வலிக்குது.”

சொல்லத்தான் ஞானாபரணம் வாயைத் திறந்தார். மகளின் பெயர் வந்தது.