ஜிஸோசாமியின் அவசரம்

முரோய் யோசிக்காமல் சீட்டைப் போட்டார்.

அந்த வீடியோ கேம் கடையில் இருந்த இருபது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முரோயா? ஒரு சீட்டுக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்கிற முரோயா? அந்தக் கடையில் அவருக்குப் பெயரே ஜிஸோசாமி. வழியோரத்துக் கற்சிலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

எதிரே சிஹோ, பேக்கரியில் வேலை பார்க்கும் பெண். மூன்று மாதமாகக் கடையின் மாதப் போட்டியில் இறுதியாட்டம் வரை வந்து இவரிடமே தோற்றுக்கொண்டிருக்கிறாள். இன்று ஜெயித்தால் நகோயா நகரத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம். நகோயா கிடக்கட்டும், ஜிஸோசாமியை அசைத்தவள் என்ற பேர் வேண்டும் அவளுக்கு.

முன்பெல்லாம் 'நிழல்நடை' என்ற இந்த விளையாட்டு என்றாலே விரல் வேகம்தான். காவலாளி திரும்புவதற்குள் ஓடி ஒளிந்து, பெட்டியைத் திருடிக்கொண்டு வெளியேற வேண்டும். இந்தப் புது நிழல்நடையில் அந்த ஓட்டமெல்லாம் கிடையாது. ஆளுக்கொரு கைக்கருவி; அதன் திரையில் வரும் சீட்டுகளில் ஒன்றைப் போட்டால்தான் ஆள் நகர்வான். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். அதனால்தான் ஐம்பத்தெட்டு வயது பஸ் டிரைவர் முரோய் இளவட்டங்களை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தார்.

சுவரில் கடைக்காரர் ஓகுமா கைப்பட எழுதிய இரண்டு விதிகள்: ஆடும்போது வாய் திறந்தால் தோல்வி. யார் கருவி அணைந்தாலும் அவருக்குத் தோல்வி.

முதல் விதி, காதில் கிசுகிசுத்து யோசனை சொல்பவர்களுக்காக. இரண்டாவது, தாய்ச்சி என்ற பையன் ஒருத்தனுக்காகவே. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் நைசாக அணைத்துவிட்டு, "ஐயோ, தானா போயிடுச்சு!" என்பான்.

சிஹோவுக்கு ஒன்றும் புரியவில்லை. இது ஏதோ பொறியாக இருக்குமோ? அவள் யோசித்தாள். முரோய் நிமிர்ந்து பார்த்து, மேஜையில் விரலால் டொக் டொக்கென்று தட்டினார்.

சீக்கிரம் போடு என்கிறாரா? இவரா?

கடுப்பில் அவள் ஒரு சீட்டைப் போட்டாள். அடுத்த நொடியே அவர் ஒன்றைப் போட்டார். அவருடைய ஆள் நேராகக் காவலாளி முன்னால் போய் நின்றான். அபாய மணி அலறியது.

அதற்குப் பிறகு நாலே சீட்டு. சிஹோவின் ஆள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான்.

"சிஹோ அக்கா, ஜிஸோசாமிக்கு என்ன படையல் வச்சீங்க?" என்று தாய்ச்சி கத்தினான். "பேக்கரி பன்னா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிஹோவின் முகம் சிவந்துவிட்டது.

"முரோய் சான், ஏன் இப்படிப் பண்ணீங்க? உங்க கையில புகைக்குண்டுச் சீட்டு இருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சதும் திரையில பார்த்தேன். அதைப் போட்டிருந்தா காவலாளி கண்ணுல நீங்க படவே மாட்டீங்க!"

"கவனிக்கலம்மா."

"நீங்களா கவனிக்கல?"

"அவசரம். ஒரு இடத்துக்குப் போகணும்." அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். தலை தாழ்த்தி வணங்கினார். போய்விட்டார்.

கண்ணாடிக் கதவு வழியாக சிஹோ பார்த்தாள். எதிர்ச்சாரியில் காசு போட்டால் பானம் தரும் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தார் மனிதர். விரல் தேநீர்ப் பொத்தானுக்குப் போனது. காப்பிப் பொத்தானுக்குப் போனது. திரும்பத் தேநீருக்கே வந்தது.

"பாருங்க ஓகுமா சான், அவரோட அவசரத்தை! எனக்குப் பிச்சை போட்டுட்டு, அங்க நின்னு டீயா காப்பியான்னு பார்த்துட்டிருக்கார். இந்த வெற்றி எனக்கு வேணாம். என் பேரை அடிச்சிடுங்க."

"இரும்மா, ஆத்திரப்படாதே. நான் அந்த நேரம் கல்லாவுல இருந்தேன், எதையும் பார்க்கல. அந்தப் புகைக்குண்டை எனக்குக் காட்டு."

சிஹோ தன் கருவியின் பொத்தானை அழுத்தினாள். திரை இருட்டாகவே இருந்தது. மறுபடி அழுத்தினாள். அப்போதும் இருட்டு.

"இப்பத்தானே எரிஞ்சுது!"

ஓகுமா வாங்கிப் பார்த்தார். சார்ஜர் ஒயரைச் செருகியதும்தான் கருவியின் மேல் விளிம்பில் ஒரு சின்ன விளக்கு உயிர்பெற்று எரிந்தது.

"காலையிலேருந்து நாலு ஆட்டம் ஆடியிருக்கே. நடுவுல சார்ஜ் போட்டியா?"

"ம்ஹூம். மறந்தே போயிட்டேன்."

"நல்லவேளை, ஆட்டம் முடிஞ்சு அணைஞ்சுது. இது சாகறதுக்கு முன்னால பத்து நிமிஷம் இந்த விளக்கு மின்னி மின்னிக் காட்டும்."

"நான் பார்க்கவே இல்லையே."

"உனக்கு எப்படித் தெரியும்? விளக்கு அந்தப் பக்கம் பார்த்துல்ல இருக்கு. எதிர்ல உட்கார்ந்தவங்களுக்குத்தான் தெரியும்."

இருவரும் எதிர் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு சுவரில் இருந்த இரண்டு விதிகளையும் பார்த்தார்கள்.

"பேசியிருந்தா தோத்திருப்பார்" என்றாள் சிஹோ மெதுவாக. "எப்பவும் போல ஒரே ஒரு சீட்டுக்கு யோசிச்சிருந்தா, சும்மாவே ஜெயிச்சிருப்பார்."

வெளியே, முரோய் இன்னும் எந்தப் பொத்தானையும் அழுத்தியிருக்கவில்லை.