கேட்டில் ஒட்டிய டிரைவர்

'டப்'பென்ற சத்தம் கேட்டுக் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

மேனேஜர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கூடையோடு திரும்பிய அவருடைய கார் டிரைவர், ஆலையின் இரும்பு கேட்டில் பல்லி மாதிரி வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி. சும்மா சாஞ்சேன்."

சாய்ந்தவரால் நிமிர முடியவில்லை. சட்டையை ஓரமாக விலக்கிப் பார்த்தால், வயிற்றில் துண்டால் இறுக்கிக் கட்டிய காந்தம்!

காற்றாலைக்காகச் செய்த காந்தம் அது. அதற்கான தாது கப்பலில் வருவது நின்றதிலிருந்து காந்தம் என்றாலே தங்கம்தான். அதில் ஒன்று காணாமல் போனதால், எல்லோருடைய சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தார் மேனேஜர்.

நாலு பேர் சேர்ந்து டிரைவரை இழுத்தார்கள். கேட்தான் திறந்தது. வெளியே நின்ற லாரி ஹாரன் அடித்து, அந்தச் சாக்கில் உள்ளே போய்விட்டது.

மேனேஜர் ஓடி வந்தார்.

"என் கார்லயே திருடனா? கூப்பிடுய்யா போலீசை!"

"சார், அண்ணன் வெளிய போகல. உள்ளதான் வந்தாரு" என்றார் காவலாளி.

"பயந்துபோய்த் திருப்பிக் கொண்டு வந்திருக்கான். ஏண்டா, நீதானே எடுத்தே?"

டிரைவர் கேட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்படியே வச்சுக்குங்க சார்."

"இன்னியோட உன் வேலை போச்சு!"

இரண்டு மகள்களைப் படிக்கவைக்கிற மனுஷன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா என்று காவலாளிக்கு ஆதங்கமாக இருந்தது.

அப்போது டிரைவரின் பேன்ட் பாக்கெட்டில் போன் அடித்தது.

"எடுக்காத தம்பி!" என்று அலறினார் டிரைவர்.

"எடு! கூட்டாளியாத்தான் இருக்கும். ஸ்பீக்கர்ல போடு" என்றார் மேனேஜர்.

காவலாளி போட்டார். ஒரு பெண் குரல் படபடத்தது.

"தம்பி, காந்தத்தை இருந்த இடத்துலயே வச்சுட்டீங்களா? உங்க சார் முட்டிவலிக்கு நல்லதுன்னு அதை எடுத்துட்டு வந்து கட்டினதும், கால் இரும்புக் கட்டில்ல ஒட்டிக்கிட்டுக் கத்தினதும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அவர் மானம் உங்க கையிலதான் இருக்கு!"

மேனேஜரின் முகம் வெளிறிப்போனது.

"ராங் நம்பர் சார்" என்றார் டிரைவர், கேட்டில் ஒட்டியபடியே.