கனமான பக்கம் கீழே

“இன்னிக்கு அவங்க உன்னைச் சேர்த்துக்கலைன்னா, அந்தப் பட்டம் பரணுக்குப் போகுது. நீ என்கூட சர்ச்சுக்குப் பாட வர்றே. அப்புறம் பேச்சு மாறக் கூடாது, ப்ரேபன்!”

காரைக் கடற்கரை மணலில் இறக்கியபடியே சொன்னாள் அவர் மனைவி கெர்டா. பின் சீட்டில் பாட்டுப் புத்தகம் தயாராக இருந்தது.

“சேர்த்துக்காம எங்க போவாங்க? நாலு பேர்ல ஒருத்தர் விலகிட்டாரு, அவங்களுக்கு நாலாவது ஆள் வேணும். இந்தத் தீவுல என்னை விட்டா யாரு இருக்கா?” என்றார் ப்ரேபன்.

தீவுக்கும் டென்மார்க் கரைக்கும் நடுவே முப்பத்தோரு வருஷம் படகு ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுவாரமே யாரிடமோ ஒரு பழைய பட்டம் வாங்கினார். நாலு நூல், கைக்கு ஒன்றாக இரண்டு கைப்பிடி. எப்படிக் கட்டுவது என்று சொல்லும் தாள்கூடக் கிடையாது.

அதற்கு முந்தின கோடையில், மணல்மேட்டில் நின்று தூரத்தில் நாலு பட்டங்களைப் பார்த்திருந்தார். நாலும் ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக நின்றன. அந்த நாலு பேரில் ஒருவர் வர லேட்டானால் மற்ற மூவரும் காத்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. வேலையை விட்ட பிறகு அவருக்காக யாரும் எங்கேயும் காத்திருக்கப் போவதில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

“வீடியோ பார்த்தாவது கத்துக்கோன்னேன். கேட்டியா?” என்றாள் கெர்டா.

“வீடியோ பார்த்தா நான் படகைக் கரை சேர்த்தேன்? எல்லாம் ஒரே கணக்குதான். கனமான பக்கம் கீழ, லேசான பக்கம் மேல. மத்ததைக் கை பார்த்துக்கும்.”

ஆறு மாதம், யாரும் வராத வடக்கு முனையில் தனியாகப் பழகினார். முதல் இரண்டு மாதம் பட்டம் அவர் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. மனுஷர் விடவில்லை.

“அதெல்லாம் சரி. பின்னாடி பறக்க விடணும்னாங்களே, அது?”

ப்ரேபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குழுவில் சேர அது ஒன்றுதான் நிபந்தனை. பட்டத்தைப் பின்னோக்கிப் பறக்க விட்டுக் காட்ட வேண்டும்.

“அதை மட்டும் கேக்காதே. பின்னாடி போன்னு லேசா இழுத்தாலே போதும், சீறிக்கிட்டுப் போய் மண்ணுல முட்டுது. ரெண்டு குச்சி உடைஞ்சாச்சு. கஷ்டம்னு சும்மாவா சொல்றாங்க?”

“அப்ப பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வெக்கட்டுமா?”

“மத்ததைப் பார்த்தே அசந்துடுவாங்க. நீ பேசாம இரு.”

குழுத் தலைவி வீபெக்கே தன் காரின் முன்பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழுவின் மற்ற இருவர், எய்லரும் பூடிலும். ப்ரேபன் அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு நூலைப் பிரித்தார். பட்டத்தின் நீளக் குச்சி மணலில் படிய நிறுத்திவிட்டு, முப்பது மீட்டர் நடந்து வந்து கைப்பிடிகளை எடுத்தார்.

“எப்படி நிறுத்தியிருக்காரு பாரு. வந்ததும் வராததுமா என்ன கெத்து!” என்றான் எய்லர், காதில் விழும்படியாகவே.

ப்ரேபன் கண்டுகொள்ளவில்லை. மணிக்கட்டை மடக்கினார்.

பட்டம் நடுங்கிக்கொண்டே எழுந்தது. ஆள் உயரத்தில் அப்படியே நின்றது. இன்னும் ஏறி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி நின்றது. மணலில் நட்டிருந்த கொடிக்கம்பத்தின் உச்சியை ஓர் ஓரத்தால் தொட்டது. பிறகு நூலைத் தளர்த்தித் தளர்த்தி, சத்தமில்லாமல் தரையில் உட்கார வைத்தார்.

யாரும் கைதட்டவில்லை. வீபெக்கேயின் காப்பி ஆறிப் போயிருந்தது. எய்லர் அவள் காதில் ஏதோ சொன்னான். போச்சு என்று நினைத்தார் ப்ரேபன்.

வீபெக்கே அவரிடம் வந்தாள். “உங்களுக்கு யார் கத்துக் கொடுத்தது?”

“யாரும் இல்ல. நானாத்தான்.”

“இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல.”

கேலி செய்கிறாள் என்றே அவருக்குப் பட்டது. ஆனாலும் பொய் சொல்லி உள்ளே நுழைய மனசு வரவில்லை.

“இங்க பாருங்க, மறைக்க விரும்பலை. பின்னாடி பறக்க விட எனக்குச் சுத்தமா வராது. ஆறு மாசமா முட்டிப் பார்த்துட்டேன்.”

காருக்குள் கெர்டா பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள்.

வீபெக்கே குனிந்தாள். கைப்பிடிகளில் இருந்த முடிச்சுகளைப் பார்த்தாள். பிறகு நூலோரமாகவே நடந்துபோய்ப் பட்டத்தைத் தூக்கி வந்தாள். வரும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாள்.

“சிரிக்காதீங்க. வராதுன்னா வராது,” என்றார் ப்ரேபன்.

அவள் பட்டத்தை அவர் முன்னால் பிடித்து, அந்த நீளக் குச்சி மேலே வரும்படி திருப்பிக் காட்டினாள்.

“இதுதாங்க இதோட தலை. பின்னாடி பறக்க விட எங்க எய்லருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு, ப்ரேபன். நீங்க ஆறு மாசமா அதை மட்டும்தான் பண்ணிட்டு இருக்கீங்க! சனிக்கிழமை காலைல நாங்க மூணு பேரும் காத்திருப்போம், வந்துடுங்க. முன்னாடி எப்படிப் பறக்க விடறதுன்னு கத்துத் தர்றோம்.”