மாற்றம் எதுவும் இல்லை

எந்த மாதத்திலிருந்து இந்த மாற்றம் என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.



மேசைமேல் அவள் கணவரின் கோப்பு விரிந்து கிடந்தது. அவர் போய், பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்து இன்றோடு மூன்று நாள். அவர் தலையிலிருந்து அறுத்து எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவை வாங்கிப் போகத்தான் அவளும் நாத்தனார் சம்முகத்தாயும் வந்திருந்தார்கள்.

டாக்டர் அவருடைய தலையின் ஸ்கேன் படத்தில் நெற்றிப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"கோபம், கூச்சம், ஆசை, எல்லாத்துக்கும் கடிவாளம் இங்கதான் இருக்கு. இந்த இடத்துல கட்டி வளர்ந்தா ஆளே மாறிடுவாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடிச்சாரா? அசிங்கமாப் பேசினாரா? எதையும் மனசுல வச்சுக்காதீங்கம்மா. அது அவர் இல்ல. அந்தக் கட்டி."

நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பேருந்தில் டிக்கெட் பரிசோதகர் வேலை அவள் கணவருக்கு. வீட்டுக்குள்ளும் அதே முகத்தோடுதான் வருவார். இருபத்தேழு வருடம் அவளை 'இந்தா' என்றுதான் கூப்பிட்டார். குழம்பு நன்றாக இருந்தால் பேசாமல் எழுந்து போவார். இல்லாவிட்டால் தட்டு பறக்கும்.

அப்புறம் ஒரு நாள், தென்காசி பஸ் நிலையத்தில், அத்தனை சனத்துக்கு நடுவே, "உலகு" என்றார்.

யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து அவளும் திரும்பிப் பார்த்தாள். உலகம்மாள் என்ற தன் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

அதன்பின் ஒன்றரை வருடம்.

முழம் முழமாகப் பூ. தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு நடை. ஒரு துட்டி வீட்டில் எல்லோரும் அழும்போது சத்தமாகச் சிரித்துவிட்டார். அவள் வெட்கத்தில் செத்துப்போனாள். வீடு திரும்பும் வழியில் அவளுக்கும் சிரிப்பு வந்தது.

"என்ன மதினி, எங்கண்ணனுக்குச் சோத்துல வசிய மருந்து கிருந்து வச்சிட்டியா?" என்று சம்முகத்தாய்கூடக் கேலி பேசினாள்.

"ஆமா, ரெண்டு கரண்டி."

அவருக்குத் தலைவலி என்று முதன்முதலில் இங்கே வந்தபோது வேறொரு டாக்டர் இருந்தாள். சின்னப் பெண். நடவடிக்கையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டாள்.

புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று யாராவது டாக்டரிடம் முறையிடுவார்களா?

முறையிட்டு, அதற்கும் ஒரு மாத்திரை எழுதிவிட்டால்?

இல்லை என்றாள்.

இப்போது டாக்டரின் விரல் அந்த வரியில்தான் நின்றிருந்தது. மாற்றம் எதுவும் இல்லை, மனைவி கூறியது.

"அப்பவே தெரிஞ்சிருந்தா…" என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.



கட்டி இல்லாத மனிதர் 'இந்தா' என்றவர். அப்படியானால் தட்டை எறிந்தவர்தான் அவரா? பூ வாங்கியது யார்? பிச்சியா மல்லிகையா என்று அவளிடம் கேட்டுக் கேட்டு வாங்குமா ஒரு துண்டுச் சதை?

கடிவாளம் என்றாரே. கடிவாளம் அறுந்து ஓடுகிறது என்றால், அந்த ஆசை அதுவரை உள்ளேதானே நின்றிருக்க வேண்டும்? இருபத்தேழு வருடமாகவா?

கேட்டுவிடலாம். அவர் படித்தவர். பதில் வைத்திருப்பார்.

அதனால்தான் கேட்கவில்லை.

"படிக்கிற பசங்களுக்குப் பாடம் எடுக்க இந்தக் கேஸை எழுதி வைக்கிறேன்மா. எப்ப மாறினாருன்னு மட்டும் சொல்லுங்க. குத்துமதிப்பா ஒரு மாசம் போதும்."

பேனா காத்திருந்தது.

"மாறலைங்க," என்றாள். "அவுக எப்பவுமே அப்படித்தான்."

"எப்படி?"

"பாசமா."

டாக்டர் நிமிர்ந்தார்.  பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"நீங்க கூடப் பிறந்தவங்கதானே? நீங்க சொல்லுங்க."

சம்முகத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தரையில் சிதறிய சோற்றை மதினியோடு குனிந்து அள்ளியவள் அவள். ஒரு தடவை அல்ல.

"ஆமா டாக்டர். சின்னதுலயே அப்படித்தான். ஆத்தா இல்லாத வீடுல்லா. எனக்குத் தலை வாரி, ரெட்டைச் சடை போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனதே எங்கண்ணன்தான்."

உலகம்மாள் சட்டென்று திரும்பினாள்.

இத்தனை வருடத்தில் இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

சம்முகத்தாய் அவள் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் தொங்கிய அந்தப் படத்தையே, அண்ணனின் நெற்றியையே, பார்த்துக்கொண்டிருந்தாள்.