ஐந்தாவது பாட்டில் ஒரு குரல்

‘அந்தப் பொம்பளை பேசுவது அத்தனையும் பொய்’ என்று போனில் தட்டிவிட்டு, பின்னால் மூன்று ஆச்சரியக்குறி போட்டான் சாய்நாத். கால் மணி நேரத்தில் நானூறு லைக் விழுந்தது.

சாய்நாத் யார் என்று கேட்டால், ‘கொசுவலை’ ராக் பேண்டின் நம்பர் ஒன் ரசிகன் என்று அவனே சொல்லிவிடுவான். முப்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. பதினான்கு வருஷமாக ரசிகர் பக்கம் நடத்துகிறான், நாற்பதாயிரம் பேர் அதில் இருக்கிறார்கள். கிடார்காரன் முடி வெட்டிக்கொண்டதற்கே ‘கொள்கை போச்சு’ என்று இரண்டு பக்கம் எழுதியவன். கொசுவலையின் புது ஆல்பம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது, இவன் எழுதிய பிறகுதான் அந்த நாற்பதாயிரம் பேருக்கும் தெரியவரும்.

இந்தத் தடவை ஆல்பத்தின் பெயர் ‘வெள்ளக்கோடு’. கோட்டூர்புரம் ஆற்றங்கரைக் குடிசைகளில் வெள்ளம் புகுந்தது, அங்கிருந்தவர்கள் ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்தது, இதைப் பற்றி ஒன்பது பாட்டு. எட்டுப் பாட்டை சாய்நாத் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டான். ஐந்தாவது பாட்டின் நடுவே கிடாரெல்லாம் அடங்கி ஒரு பெண் குரல் மட்டும் பேசுகிறதே, அங்கேதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. மாமியாள கதவு மேல படுக்கவெச்சு இஸ்துக்கினு போனோம். திரும்பி வந்து பாத்தா வூடு இல்ல. கதவு மட்டும்தான் கீது.”

அவ்வளவுதான். அழுகை இல்லை, விம்மல் இல்லை, ஏதோ ரேஷன் கடை வரிசையில் நின்று பேசுகிற மாதிரி ஒரு பேச்சு.

‘எந்த ஆற்றங்கரைப் பொம்பளை இவ்வளவு நிதானமாகப் பேசுவாள்? ஏசி ரூமில் உட்கார்ந்து யாரோ டப்பிங் ஆர்டிஸ்ட் கொடுத்த குரல் இது. கிடாரில் ஒரே ஒரு கம்பியை மாற்றினாலும் கண்டுபிடிக்கிற காது என்னுடையது. இவள் நிஜம் என்றால் மேடையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அன்றைக்கே என் பக்கத்தை இழுத்து மூடுகிறேன்’ என்று சவாலும் விட்டான்.

கொசுவலையின் பாடகன் ஷோயப் வேறெங்கோ இருப்பவன் இல்லை, அபிராமபுரத்தில் சாய்நாத் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒரே வரியில் பதில் போட்டான். ‘இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி, மயிலாப்பூர்ல எங்க நிகழ்ச்சி. வாங்க ப்ரோ.’

கிளம்புவதற்கு முன் எதிரியை இன்னொரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளலாம் என்று, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தான் சாய்நாத். வீட்டு வேலை செய்யும் தேவானை சமையலறை வாசலில் வந்து நின்று, நாலு விரலைக் காட்டி என்னவோ சொன்னாள். அவள் என்னவோ சொல்வதும் இவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதும் ஏழு வருஷ வழக்கம். நாலு நாள் லீவு கேட்கிறாளாக்கும் என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கினான். அவள் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கிப் போனாள்.

ஐந்தாவது பாட்டை மறுபடியும் இரண்டு தடவை கேட்டு நன்றாகக் கோபத்தை ஏற்றிக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றாமலேயே கதவைப் பூட்டி ஆட்டோ பிடித்தான்.

நிகழ்ச்சி ஒரு பழைய சபா அரங்கில். மண்டை ஓடு போட்ட கறுப்பு டிஷர்ட்டுகள் முந்நூறு, கையில் கேன்டீன் கீரை வடையோடு உட்கார்ந்திருந்தன. ஷோயப் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட, சாய்நாத் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மேடை ஏறினான். அவனுடைய ரசிகர் பக்கத்திலேயே நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

“ப்ரோ, அந்த அக்கா வந்திருக்காங்க. பாக்கறீங்களா?” என்றான் ஷோயப்.

“எதுக்குப் பாக்கணும்? ஒரு கிழிஞ்ச புடவையக் கட்டிவிட்டு யாரையாவது கூட்டிட்டு வந்திருப்பீங்க. முகத்தப் பாத்து ஏமாற ஆள் நான் இல்ல. எனக்குக் காது போதும். நான் திரும்பி நிக்கறேன், பேசச் சொல்லுங்க.”

அரங்கம் விசிலடித்தது. சாய்நாத் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் யாரோ நடந்து வந்தார்கள், மைக் கரகரத்தது.

“தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. மாமியாள கதவு மேல படுக்கவெச்சு இஸ்துக்கினு போனோம்...”

சாய்நாத் உதட்டைப் பிதுக்கினான். “டப்பிங்தான், சந்தேகமே வேணாம். ஒரு நடுக்கம் இருக்கா பாருங்க! இந்தக் குரல நான் ஜென்மத்துல கேட்டதே இல்ல. நிஜமான ஜனங்க பேசறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?”

கை தட்டல் காதைப் பிளந்தது. பதினான்கு வருஷத்துப் பக்கம் பிழைத்துவிட்டது என்று அவனுக்கு அப்படி ஒரு பெருமை. தாராள மனசோடு கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினான்.

“சரி, இன்னொரு சான்ஸ் தரேன். எழுதிக் குடுத்தத ஒப்பிக்க வேணாம். சொந்தமா மனசுல என்ன தோணுதோ, அத ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க, பாப்போம்.”

பின்னால், தயங்கித் தயங்கி, அந்தக் குரல் கேட்டது.

“சார், நாலு விசிலு வந்ததும் குக்கர நிறுத்த சொன்னேனே, நிறுத்துனீங்களா?”