திருட்டுப் பிரதியில் ஒரு சிரிப்பு

தியேட்டரில் யாரோ செல்போனில் எடுத்த திருட்டுப் பிரதியைத் துப்புத் தேடி மடிக்கணினியில் ஓடவிட்டார் தயாரிப்பாளர் சௌந்தரபாண்டியன். பக்கத்தில் இயக்குநர் இளம்பரிதி. ஒவ்வொரு நகைச்சுவைக்கும் முன்னதாகவே அதில் ரசிகர் ஒருவர் சிரிப்பது கேட்டது.

“முன்னாடியே சிரிக்கிறான்னா படத்தை ஏற்கெனவே பாத்தவன், பரிதி. நம்ம ஆளுதான்.”

அப்போது அதே ஆள் முணுமுணுத்தார்: “தம்பி, கை ஆடுது பாருங்க. அடுத்த சீன் பிரமாதமா இருக்கும்.”

இளம்பரிதிக்கு வியர்த்தது. அன்று தியேட்டரில் முகக்கவசம் மாட்டிக்கொண்டு ரசிகர்களோடு உட்கார்ந்திருந்தவர், பக்கத்து சீட்டுக்காரன் போனைத் தூக்கியதும், படம் அவ்வளவு பிடித்துவிட்டதே என்று உருகிப்போயிருந்தார்.

“எங்கேயோ கேட்ட குரலா இருக்கே” என்று தயாரிப்பாளர் சத்தத்தைக் கூட்டினார்.

இளம்பரிதி உதட்டைக் கடித்துக்கொண்டார். திரையில் மாப்பிள்ளை பந்தியில் உட்கார வந்தார். இளம்பரிதிக்கு மிகவும் பிடித்த காட்சி. மடிக்கணினியில் சிரிப்பு கிளம்பியது.

அறையிலும்.